நம்ம ஊருக்கு வசந்தம் உண்டா? குஷன் உறை வாங்கி ஏமாந்தவரின் கேள்வியும் என் பதில்களும்

கேள்வி, ஏப்ரல் 6

வசந்தத்தை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். வெளிர்மஞ்சள் குஷன் உறை, இளம்பச்சைத் திரை, ஜாடியில் பூ, படுக்கப் போகும் முன் நன்றி நோட்டில் மூன்று வரி, ஜன்னலோரம் ஒரு புத்தகம். எல்லாம் செய்துவிட்டேன். 1,800 ரூபாய் ஆயிற்று. வீடு இன்னும் அடுப்பாகத்தான் கொதிக்கிறது, பூ மறுநாளே தலை தொங்கிவிட்டது. நம்ம ஊருக்கு வசந்தம் என்று ஒன்று உண்டா, இல்லை பங்குனியிலிருந்து நேராக வெயில்தானா?

ஏப்ரல் 6, இரவு

உண்டு. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, மறந்துவிட்டதா. ஆனால் நீங்கள் தேடுகிற நேரம் தப்பு. மதுரையில் வசந்தம் காலை ஐந்தரைக்கு வந்து எட்டு மணிக்குப் போய்விடும். அந்த இரண்டரை மணி நேரத்தில் குயில் கத்தும், வேப்பம்பூ வாசம் மொட்டைமாடி வரை ஏறி வரும், காற்று கூட இருக்கும். ஒன்பது மணிக்கு எழுந்து, பகல் இரண்டு மணிக்குக் குஷனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வசந்தம் எங்கிருந்து வரும்? (நீங்கள் ஒன்பதுக்கு எழுகிறவர் என்று நானாக வைத்துக்கொண்டேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.)

ஏப்ரல் 7

நேற்று கொஞ்சம் அதிகாரமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது, ஆகவே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பித்து எனக்கும் பிடித்தது. நாங்கள் வாடகைக்கு இருப்பது மாடி வீடு, கூடத்தின் ஜன்னல் மேற்கே பார்த்தது. அதற்கு எதிர்ச் சுவருக்கு மஞ்சள் அடித்தால் சரக்கொன்றை பூத்த மாதிரி இருக்கும் என்று வீட்டுக்காரரை நச்சரித்து, வீட்டு ஓனரிடம் கெஞ்சி, ஒரு டப்பா டிஸ்டம்பர் வாங்கி அடித்தோம். காலையில் பார்க்க அழகுதான். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கு வெயில் நேரே அந்தச் சுவரில் விழுந்ததும் கூடமே பற்றி எரிகிற மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் உள்ளே வந்தவர் செருப்பைக் கழற்றாமல் நின்று, "என்னத்த கருகவிட்ட?" என்று கேட்டார்.

அடுத்த மாசமே வெள்ளைக்கு மாறினோம். அம்மா காலத்தில் செய்த மாதிரி சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடிக்கச் சொன்னேன். நீலம் துளி சேர்த்தால் வெள்ளையின் பழுப்பு மறைந்து பளிச்சென்று தெரியும், வேட்டிக்குப் போடுகிற அதே கணக்கு. ஆள் வருவதற்குள் நானே கலக்கிவைக்கிறேன் என்று கையை விட்டதில் இரண்டு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் எவ்வளவு போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது எங்கள் கூடத்தில் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. விடிவதற்குச் சற்று முன்னால் வானம் இருக்குமே, அந்த நிறம். தப்பாக வந்ததுதான். ஆனாலும் கோடையில் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஏப்ரல் 9

காலையில் நான் போட்ட படத்தை எடுத்துவிட்டேன். "எங்கள் தெருச் சரக்கொன்றை" என்று எழுதியிருந்தேன், அது கொன்றையே இல்லை என்று மூன்று பேர் வந்து சொல்லிவிட்டார்கள். சரி, அது இயல்வாகை. கொன்றையின் பூங்கொத்து சரஞ்சரமாகக் கீழே தொங்கும், அதனால்தானே சரக்கொன்றை. இயல்வாகையின் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், மொட்டு துரு நிறத்தில் இருக்கும், காயும் செம்பு நிறத் தகடாக இருக்கும். கொன்றைக்காயோ குச்சிபோல் உருண்டு நீண்டு, முற்றினால் கறுத்துப்போகும். மூன்று வருஷமாகத் தப்பான மரத்துக்குக் கீழே நின்று பரவசப்பட்டிருக்கிறேன், அதன் நிறத்தைப் பார்த்துச் சுவருக்கு வேறு அடித்திருக்கிறேன்.

என் பக்கம் ஒரே ஒரு நியாயம் உண்டு. இயல்வாகைக்குப் பெருங்கொன்றை என்றும் பெயர்.

ஏப்ரல் 10

கொன்றை விவகாரம் முடியவில்லை. சங்கப் பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூ, அதை இளவேனிலோடு எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முல்லைத் திணைப் பாட்டுகளில் மழை வந்ததற்கு அடையாளமே கொன்றை பூப்பதுதான். குறுந்தொகையில் ஒரு தோழி, காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை மடமரம் என்கிறாள். தலைவி மனசு உடையாமல் இருக்க மரத்தை முட்டாளாக்குகிற சாமர்த்தியம் அது. ஆனால் எங்கள் தெரு முனையில் இருக்கிற கொன்றை (இது நிஜக் கொன்றை, இரண்டு பேரிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன்) சித்திரையில்தான் இலை கொட்டி மஞ்சளாக நிற்கிறது. ஆவணியில் ஒரு மழை பெய்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாக மறுபடி பூப்பதையும் பார்த்திருக்கிறேன். பாட்டும் சரி, மரமும் சரி, நடுவில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

குல்மோகரையும் சங்க காலத்துக்குக் கொண்டுபோன நண்பருக்கு மட்டும் ஒரு வார்த்தை: அது மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். சிவப்பாக இருப்பதற்காக, இளவேனிலைப் பாடிய சங்கப் புலவர் ஓதலாந்தையாரிடம் எல்லாம் சேர்த்துவிட முடியாது.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. எழுத நேரமில்லை, ஆனாலும் ஒன்று. கீழ் வீட்டில் இருப்பவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம். முதல் நாள் ராத்திரியே கண்ணாடி வைத்து, அதன் முன்னால் தட்டில் மாம்பழம், வாழை, எலுமிச்சை, வெற்றிலை பாக்கு, நகை, காசு, ஒரு கொத்துக் கொன்றைப்பூ எல்லாம் அடுக்கி, விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டே வந்து அதில்தான் விழிக்க வேண்டும். கனி காண்கிறது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. இன்று அந்த அக்கா என்னையும் கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தால் அவ்வளவு மஞ்சளுக்கும் நடுவில் கண்ணாடியில் என் முகம், தூக்கக் கலக்கத்தோடு, தலை கலைந்து. சிரித்துவிட்டேன்.

நீங்கள் 1,800 ரூபாய்க்குத் தேடிய மஞ்சள் இந்தத் தட்டில் இருந்தது, பத்து மணிக்குள் பாதியைச் சாப்பிட்டும் முடித்தாயிற்று. வருஷம் பூராவும் இருக்கப்போகிற குஷனுக்கு இந்த அவசரம் இருக்காது.

வேப்பம்பூப் பச்சடி எனக்குக் கசப்பு ஏறிவிட்டது. வெல்லம் போதவில்லை.

ஏப்ரல் 16

வசந்தத்துக்கென்றே வீட்டை அலங்கரிப்பது வெளிநாட்டுப் பழக்கம் என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். ஐயா, மதுரையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கிறதே புதுமண்டபம், அதற்கு வசந்த மண்டபம் என்றுதான் இன்னொரு பெயர். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது, வைகாசி வசந்த உற்சவத்துக்காகவே. சாமி வந்து அமர்கிற இடத்தைச் சுற்றி அகழி மாதிரி தண்ணீர் நிரப்பி வைக்க வழி செய்திருக்கிறார்கள். ஒரு ராஜா வசந்தத்துக்கென்று வீடு கட்டியபோது முதலில் நினைத்தது குளிர்ச்சியை. நிறத்தை யோசித்தாரா தெரியாது, தண்ணீரை யோசித்திருக்கிறார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதற்குள் சாமியை விடக் கடைகள்தான் கண்ணில் படும். தூணுக்குத் தூண் தையல்காரர்கள், வளையல், பித்தளைச் சாமான், பாடப்புத்தகம். கல்யாணத்துக்கு முந்தின ரவிக்கை எல்லாம் அங்கே தைத்ததுதான். வெளியே மண்டை பிளக்கிற வெயிலிலும் உள்ளே கல் ஜில்லென்று இருக்கும், அளவு கொடுத்துவிட்டு அம்மா வேண்டுமென்றே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். எனக்கு மட்டும் தையல் மெஷின் சத்தம் இல்லாத புதுமண்டபம் மனசில் வரமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 18

"அப்படியானால் என்னதான் செய்தீர்கள், பட்டியல் போடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் எல்லாம் இல்லை. வாங்கியதை விட எடுத்ததுதான் அதிகம்.

பங்குனிக் கடைசியில் கனத்த திரையைக் கழற்றிவிடுவேன். அந்த இடத்தில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை, இரண்டாகக் கிழித்து ஓரம் அடித்தது. ஒன்று கத்திரிப்பூ நிறம், மற்றது அரக்கு, உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதால் வருவது, அதனால் எந்தப் புள்ளியும் இன்னொன்று மாதிரி இருக்காது. (அச்சடித்த சுங்குடியும் வருகிறது. அதில் எல்லாப் புள்ளியும் வரிசையில் நிற்கும்.) காலை வெயில் அடுக்களை ஜன்னல் சேலை வழியாக வரும்போது தரையில் புள்ளி புள்ளியாக விழும். என் வீட்டு அலங்காரம் அதுதான், எட்டு மணிக்கு மறைந்துவிடும்.

சோபாவுக்கு மேல் விரித்திருந்த வெல்வெட் மாதிரித் துணி பரணுக்குப் போயிற்று. தரையில் கோரைப்பாய். பத்தமடைப் பாய் ஒன்று கல்யாணத்துக்கு வந்தது, அதைச் சுருட்டி வைத்தே அழுக்காக்கிவிட்டோம், போன வருஷம்தான் பிரித்தேன். மேற்கு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி. மூன்று மணிக்கு அதில் தண்ணீர் தெளித்தால் காற்று அடிக்கும்போது மண் வாசமும் வேர் வாசமும் சேர்ந்து வரும். காற்று இல்லாத நாளில் ஒன்றும் நடக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வருஷம் தண்ணீர் வடிந்து கீழ் வீட்டு அக்கா காயப்போட்டிருந்த வடகத்தில் சொட்டி, ஒரு வாரம் பேச்சில்லை.

பூவுக்கு ஜாடி எதற்கு? மதுரையில் இது மல்லி சீசன். மார்கழியில் கிட்டவே போக முடியாத விலை விற்கிற அதே மல்லி இப்போது மலிந்து கிடக்கிறது. உதிரியாக வாங்கி அகலப் பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டால் ராத்திரி முழுக்க வீடு மணக்கும். காலையில் பழுத்துப்போகும். பழுக்கட்டும்.

ஏப்ரல் 23

இன்று உலகப் புத்தக நாள் என்று காலையிலிருந்து செய்தி. ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. சித்திரையில் மதுரை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பாருங்கள், புத்தகத்தின் பசையே இளகிவிடும். நான் மத்தியானம் புது நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறேன், 2023 ஜூலையில் திறந்தது. ஏசிக்காகப் போகிறேன் என்பதை மறைக்கவில்லை. எதிர் மேஜையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தலை நிமிராமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கும் வெட்கமாகி நாலு பக்கம் ஓடும்.

படிப்பது இந்த மாசம் ஒன்றே ஒன்று. ஐங்குறுநூற்றில் இளவேனிற் பத்து என்று ஒரு பகுதி, 341 முதல் 350 வரை, ஓதலாந்தையார் பாடியது. பத்தும் மூன்று மூன்று வரிதான். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன், அதற்கு மேல் படித்தால் ஜீரணமாகாது. எல்லாப் பாட்டும் தலைவியின் ஒரே புலம்பலில் தொடங்கும்: அவர் வரவில்லை, காலம் மட்டும் வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம். பெண்குயில் கூவுகிறது, நுணா மணக்கிறது, கோங்கு மொட்டு உடைகிறது, குரவம், அதிரல், பாதிரி, புன்கு, மராம், மாந்தளிர், கடைசியில் வேப்பம்பூ. பத்தில் ஒன்றில்கூடக் கொன்றை இல்லை! ஏப்ரல் 10 அன்று என்னைக் கேட்டவர் இதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம்.

வசந்தம் என்றாலே குதூகலம் என்றுதான் குஷன் விற்கிறவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பாட்டுகளில் வசந்தம் வந்தது அந்தப் பெண்ணுக்குக் கோபம். பூக்கிற ஒவ்வொரு மரமும் அவளுக்குக் கெடு தாண்டிவிட்டது என்று சொல்லிக் காட்டுகிறது. பிரிவைப் பாடுகிற பாலைத் திணையில் போய் வசந்தத்தை வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஏப்ரல் 25

மேலே புன்கு என்று எழுதினேனே, நம்ம புங்கமரம்தான், அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் படிக்கட்டுக்கு மேலே ஒரு புங்கமரம் கவிந்திருக்கிறது. பங்குனியில் இலை கொட்டும், கூட்டி முடிப்பதற்குள் பளபளவென்று தளிர் வரும், தளிரைப் பார்த்து மூச்சு விடுவதற்குள் பூ கொட்டும். வெள்ளையும் லேசான ஊதாவுமாகச் சின்னச் சின்னதாக, படி முழுக்க. ஆறு வருஷமாக இந்த மரத்தைத் திட்டியபடியே கூட்டுகிறேன். ஓனரிடம் கிளையை வெட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

அந்தப் பாட்டில் புங்கம்பூவைப் பொரி என்கிறார். பொரிப்பூ. படித்துவிட்டு வீட்டுக்கு வந்து படியில் கால் வைக்கப் போனவள் நின்றுவிட்டேன். யாரோ சுடச்சுடப் பொரியை உதறிவிட்டுப் போனமாதிரியேதான் இருந்தது. ஆறு வருஷம் துடைப்பத்தோடு குனிந்து பார்த்தும் எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 26

இல்லை, கூட்டுவதை நிறுத்தவில்லை. கவித்துவமாக நேற்று முடித்துவிட்டேன், உடனே "இனி கூட்ட மாட்டீர்களா" என்று கேட்கிறீர்கள். ஈரத்தில் வழுக்கும், அத்தைக்கு முழங்கால் வலி. ஆறு மணிக்குக் கூட்டியதை எட்டு மணிக்குக் கூட்டுகிறேன், அவ்வளவுதான் மாற்றம்.

ஏப்ரல் 29

நன்றி நோட்டு பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு அது வரவில்லை. தங்கை பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தாள், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கோடு. முதல் நாள்: நல்ல உடம்பு, நல்ல குடும்பம், நல்ல மழை. இரண்டாம் நாளும் அதே. நாலாம் நாள் மழையே பெய்யவில்லை, ஆனாலும் எழுதியிருக்கிறேன். பொய்க்கணக்கு எழுதுகிற மாதிரி இருந்தது.

நன்றி என்ற வார்த்தையே நம் வீடுகளில் வாயில் வராது. அம்மாவிடம் யாராவது நன்றி சொல்லியிருக்கிறோமா? சொன்னால் "என்னடி ஆச்சு உனக்கு" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

இப்போது செய்வது வேறு. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரே ஒரு வரி, அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று மட்டும். "கீரைக்கார அம்மா தண்டை ஒடித்துக் காட்டிவிட்டு, இன்னிக்கு முத்தல், வாங்காதே என்றார்." "கீழ் வீட்டு அக்கா தண்ணி லாரி வந்ததும் என் குடத்தையும் வரிசையில் வைத்தார்." "வீட்டுக்காரர் வெட்டிவேர்த் தட்டிக்குச் சொல்லாமலே தண்ணீர் தெளித்தார்." நன்றி என்று எங்கும் எழுதுவதில்லை. காலண்டர்த் தாள் மெலிசு, பேனா மை மறுபக்கம் ஊறி ராகு காலத்தோடு கலந்துவிடுகிறது. பாதித் தாள் மளிகைக் கணக்குக்குப் போய்விடுகிறது. பரவாயில்லை.

அந்தக் கீரைக்கார அம்மாவுக்கு நான் திருப்பிச் செய்வது ஒரு சொம்பு மோர், உப்பும் பெருங்காயமும் தட்டிப் போட்டது. குடித்துவிட்டு "நல்லா இரு" என்பார். நமக்கு நன்றி என்பது அந்த ரெண்டு வார்த்தைதான் என்று நினைக்கிறேன்.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. முதல் நாள் நான் எழுதிய எட்டு மணிக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். இன்று ஆறே முக்காலுக்கே வசந்தம் மூட்டை கட்டிவிட்டது.

மே 12

விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஆற்றுக்குப் போய், இப்போதுதான் வந்தேன். கால் இரண்டும் மணல். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்பதைப் பார்க்க அத்தனை லட்சம் ஜனம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பச்சை என்றால் நாடு செழிக்கும் என்று நம்பிக்கை. கூட்டத்தில் எனக்குக் குதிரையின் காது மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பெண் "பச்சைப்பா! பச்சை!" என்று கத்தினாள், அந்தச் செய்தி அப்படியே எங்கள் வரிசை நெடுகப் பின்னால் போயிற்று. ஒருவர் தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியதில் என் சேலை முழுக்க நனைந்தது, அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது.

நிறத்தைப் பற்றி ஒரு மாசமாக இங்கே பேசிக்கொண்டிருக்கிறோமே, ஒரு ஊரே ஒரு நிறத்துக்காகத் தூங்காமல் காத்திருக்கிறது என்பதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தோன்றவில்லை.

காலண்டர்த் தாளில் இன்று அந்தக் குட்டிப் பெண்.

மே 17

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். குஷன் உறைகளை என்ன செய்யலாம் என்று கேட்கிறார். பருத்தி என்றால் ஓரத்தைப் பிரித்துக் கைத்துணியாக்குங்கள், மாம்பழம் நறுக்கும்போது கை துடைக்க ஆகும், கறையும் தெரியாது. பாலியெஸ்டர் என்றால் என்னிடம் பதில் இல்லை. காலை ஆறு மணிக்கு இரண்டு நாள் எழுந்தாராம். குயில் சத்தம் தாங்க முடியவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். எடுத்தவுடனே பாலைத் திணைக்குப் போய்விட்டார் போலிருக்கிறது.

இளவேனிற் பத்தில் இருக்கிறவற்றை ஒவ்வொன்றாக நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு வந்திருக்கிறது. குயில், புன்கு, மாந்தளிர், வேம்பு நாலும் தெருவிலேயே கிடைத்தன. நுணாவை அழகர்கோயில் போகிற வழியில் ஒரு காட்டோரம் பார்த்தேன், வெள்ளைப் பூ, நல்ல வாசம். மராம் என்பதை வெண்கடம்பு என்கிறார்கள்; மதுரைக்கே கடம்பவனம் என்று பெயர் இருக்க, நான் இன்னும் பூத்த கடம்பைப் பார்த்ததில்லை என்று சொல்ல வாய் கூசுகிறது. பாதிரிக்குத் திருப்பாதிரிப்புலியூர் போக வேண்டும், கடலூரில் தங்கையின் நாத்தனார் இருக்கிறார், அது ஆகும். அதிரலும் குரவமும் கோங்கும் பாக்கி. கோங்கு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு மரத்தைக் காட்டுகிறார்கள், இயல்வாகையில் பட்ட அவமானத்துக்குப் பிறகு யார் சொன்னாலும் நம்பப் பயமாக இருக்கிறது. திருவிடைக்கழி முருகன் கோயில் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே குராமரம் எந்த மாசம் பூக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பூவைக் கையில் வைத்துப் படம் எடுக்க வேண்டாம், மரத்தில் இருக்கிறபடியே எடுங்கள், கொத்து நிமிர்கிறதா தொங்குகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.